நீருக்கேற்ற பலகை: நின்று துடுப்பிடும் விளையாட்டும் பலகைத் தேர்வும்

மும்பை மாநகரின் சயான் பகுதி நீரால் எல்லை வகுக்கப்பட்ட இடமாகும். 'சீவ்' என்னும் மராத்திச் சொல்லுக்கு எல்லை என்பது பொருள். கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமிருந்த மும்பைத் தீவும், போர்ச்சுகீசியர் வசமிருந்த சால்செட் தீவும் இங்குதான் எதிரெதிராக நின்றன. அந்த எல்லையைக் காக்க 17ஆம் நூற்றாண்டில் சிறு குன்றொன்றின் மீது கோட்டை எழுந்தது. இன்றும் சயானுக்கு மேற்கே மித்தி ஆறும் மாகிம் கழிமுகமும், கிழக்கே உப்பளங்களும் தாணே கடற்கழியும் அமைந்துள்ளன. சயான், மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மக்கள் வாழ்ந்து வருகின்றனர். நீர் இவ்வளவு அருகில் இருந்தும், அதில் இறங்கி விளையாடும் வாய்ப்பு இங்குள்ள இளைஞர்களுக்கு மிகக் குறைவு.

அகலமான பலகையொன்றின் மீது நின்றுகொண்டு, நீண்ட ஒற்றைத் துடுப்பால் நீரைத் தள்ளிச் செல்லும் விளையாட்டு இப்போது நமது கடற்கரைகளில் பரவி வருகிறது. இதற்கு எந்திரம் தேவையில்லை, எரிபொருள் தேவையில்லை. உடல் முழுவதற்கும் பயிற்சி கிடைக்கிறது. பலவகைப் பலகைகள் பல விலைகளில் விற்பனைக்கு வந்துள்ளன. எதனை வாங்குவது என்னும் கேள்வி, பார்வைக்கு ஒரு கடைவீதிக் கேள்வியே. ஆயினும் அதன் விடையில் உயிர்ப் பாதுகாப்பு அடங்கியுள்ளது. பயிற்சி மையங்களுக்காக அரசு அமைப்புகள் பலகை வாங்கும்போது பொதுப்பணமும் அதில் அடங்குகிறது. எனவே அந்த விடை எத்தகைய அடிப்படையில் அமைய வேண்டும் என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

விளையாட்டின் தோற்றம்

மிதக்கும் பொருளின் மீது நின்றும் முழந்தாளிட்டும் துடுப்பிடுவது பழமையான பழக்கம். பெரு நாட்டின் வடகடற்கரை மீனவர்கள் கோரைப்புல் கட்டுகளால் ஆன சிறு கலங்களில் அலை கடந்து வந்தனர். இன்றைய விளையாட்டு வடிவத்தின் பிறப்பிடமாக ஹவாய்த் தீவுகளின் வைகீகி கடற்கரை கருதப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு அலைச்சறுக்குக் கற்பித்தவர்கள், மாணவர்களையும் வரும் அலைகளையும் கண்காணிக்க வசதியாகப் பலகைமேல் நின்று துடுப்பிட்டனர். 2000ஆம் ஆண்டையொட்டி லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா ஆகிய ஹவாய் வீரர்கள் அம்முறைக்குப் புத்துயிர் அளித்தனர். 2012இல் சர்வதேச அலைச்சறுக்குச் சங்கம் பெரு நாட்டின் லிமா நகரில் இதற்கான முதல் உலகப் போட்டியை நடத்தியது. இந்தியாவில் அலைச்சறுக்குக் கூட்டமைப்பு இவ்விளையாட்டை வளர்த்து வருகிறது. 2024 மார்ச்சில் மங்களூரு அருகிலுள்ள சசிஹித்லு கடற்கரையில் நடைபெற்ற துடுப்பு விழாவில் வெளிநாட்டு வீரர்களும் பங்கேற்றனர்.

கட்டுமரம் கற்பிக்கும் பாடம்

தமிழ் மக்களுக்கு இவ்விளையாட்டின் அடிப்படை புதிதன்று. சோழமண்டலக் கடற்கரையின் கட்டுமரம், ஓர் உள்ளறை கொண்ட படகன்று. அது மிதக்கும் ஒரு தளம். அலை மேலே ஏறினாலும் அதில் நீர் தேங்குவதில்லை. மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடுகிறது. மீனவர் அதன்மேல் முழந்தாளிட்டும், வேண்டும்போது நின்றும் துடுப்பிடுகின்றனர். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில் இக்கலத்தைத் தமிழ்ப் பெயராலேயே குறித்தார். பின்னர் அச்சொல் இரட்டை உடல் கொண்ட கலங்களுக்குப் பெயராக உலகெங்கும் வழங்கலாயிற்று.

கட்டுமரம் செய்வோர் எல்லா மரத்தையும் எடுப்பதில்லை. எடை குறைந்த மென்மரத்தையே தேர்கின்றனர். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர வைக்கின்றனர். ஏனெனில் மரம் நீரை உறிஞ்சினால் மிதப்பாற்றல் குறைந்துவிடும். ஒருவர் செல்லும் மரம் சிறியது. பலர் சேர்ந்து பெரிய வலை கொண்டு செல்லும் மரம் நீளமும் அகலமும் மிக்கது. கடற்கரையின் தன்மைக்கு ஏற்ப வடிவமும் ஊருக்கு ஊர் வேறுபடும். எவ்வளவு சுமை, எந்த நீர், என்ன வேலை ஆகிய மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே மரம் கட்டப்பட்டது. துடுப்புப் பலகையைத் தேர்ந்தெடுப்பதற்கும் இம்மூன்று கேள்விகளே போதுமானவை. விலையும் வண்ணமும் இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும்.

முதற் கேள்வி: எவ்வளவு சுமை?

ஒரு பொருள் மிதக்கும்போது, தன் மொத்த எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது என்பது பள்ளி மாணவரும் அறிந்த ஆர்க்கிமிடீஸ் விதி. நன்னீரில் 1 லிட்டர் இடம் ஏறக்குறைய 1 கிலோ எடையைத் தாங்கும். கடல்நீர் சற்றே அடர்த்தி மிக்கதாதலால் சிறிது கூடுதலாகத் தாங்கும்.

65 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயிர்காப்பு மேலாடை, குடிநீர், துடுப்பு ஆகியவற்றுக்கு 5 கிலோவும், பலகைக்கு 10 கிலோவும் சேர்த்தால் மொத்தம் 80 கிலோ ஆகும். பலகையின் கன அளவு 80 லிட்டராக இருந்தால் அது மிதக்கும்; ஆனால் மேற்பரப்பு நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும். சிறு அசைவிலும் ஓரம் மூழ்கும். கன அளவு 160 லிட்டராக இருந்தால் பலகையின் பாதி மட்டுமே நீரில் அமிழும். மீதிப் பாதி, கால் தவறி ஓரத்தை மிதிக்கும்போது கைகொடுக்கும் சேமிப்பாக நிற்கும். எனவே, ஏறும் சுமையைக் கிலோவில் கணக்கிட்டு, அதைப்போல் இரு மடங்கு லிட்டர் கன அளவேனும் புதியவரின் பலகைக்கு இருத்தல் வேண்டும் என்பது நடைமுறை விதியாக உள்ளது. பயிற்சி பெற்றவர் இதனினும் குறைந்த கன அளவில் சமாளிப்பர்.

சில பலகைகளில் 'அதிகபட்ச எடை' எனப் பெரிய எண்ணொன்று அச்சிடப்பட்டிருக்கும். அது பலகை மூழ்காமல் தாங்கும் எடையாக இருக்கலாம். புதியவர் நிலையாக நிற்கக்கூடிய எடை என்று கொள்வதற்கில்லை. வாங்குவோர் கன அளவையும் அகலத்தையும் கேட்டறிவதே முறை.

நிலைப்பைத் தருவது அகலம்

நீளமான பலகை கூடுதல் பாதுகாப்பு அளிக்கும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இது முழுமையான உண்மையன்று. பக்கவாட்டில் சாயாமல் நிற்கும் திறன், நீளத்திற்கு நேர்விகிதத்தில் மட்டுமே உயர்கிறது. அகலத்திற்கோ அதன் மும்மடிப் பெருக்கத்தில் உயர்கிறது. 75 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையை 85 சென்டிமீட்டராக்கினால், தொடக்க நிலைப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுகிறது. அதே 10 சென்டிமீட்டரை 320 சென்டிமீட்டர் நீளத்தில் சேர்த்தால் 3 விழுக்காடு மட்டுமே கூடும்.

அகலத்திற்கும் எல்லை உண்டு. மிக அகன்ற பலகையில் உயரம் குறைந்தவரும் சிறுவரும் துடுப்பை நேராக நீரில் இறக்க இயலாது. கை வெளியே நீளவேண்டியிருப்பதால் தோள் விரைவில் சோர்ந்துவிடும். மிகத் தடித்த பலகை ஆளை நீர்மட்டத்திலிருந்து உயர்த்திவிடுவதால் உடலின் எடைமையம் மேலேறுகிறது. காற்றும் எளிதில் பிடித்துக்கொள்கிறது. தாங்கும் அளவு, நிலைப்பு, கை எட்டும் தூரம் ஆகியவற்றிடையே சமநிலை காண்பதே தேர்வின் நுணுக்கம் எனலாம்.

இரண்டாம் கேள்வி: என்ன வேலை?

பயன்பாட்டை ஒட்டிப் பலகைகள் நான்கு வகைப்படும்.

பொதுப்பயன் பலகை ஏறக்குறைய 3 முதல் 3.5 மீட்டர் நீளமும், 76 முதல் 86 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. முனை வட்டமாக இருக்கும். அமைதியான நீரிலும் மிகச் சிறிய அலையிலும் பயன்படும். முதற்பலகையாக வாங்கத் தகுந்தது இதுவே.

பயணப் பலகை 3.5 முதல் 4.2 மீட்டர் வரை நீண்டது. முனை கூர்மையாக நீரைப் பிளந்து செல்லும். நேராகவும் விரைவாகவும் செல்வதால் நெடுந்தூரத்திற்கு ஏற்றது. ஆனால் திருப்புவது கடினம்.

போட்டிப் பலகை ஒடுக்கமானது. பெரும்பாலும் 70 சென்டிமீட்டருக்கும் குறைந்த அகலம் உடையது. விரைவு மிகுதி, நிலைப்பு குறைவு. பயிற்சியில்லாதவர் இதில் கற்கத் தொடங்குவது பயனற்ற முயற்சி.

அலைப் பலகை 2.1 முதல் 3 மீட்டர் வரையிலான குறுகிய நீளமுடையது. முனையும் வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும். அலையில் விரைந்து திரும்பும். அமைதியான நீரில் நேராகச் செல்லாமல் தடுமாறும்.

மூன்றாம் கேள்வி: எந்த நீர்?

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்குப் பயிற்றுநர்களாக உயர்ந்துள்ளனர். கடலை நோக்கிய பக்கத்தில் அலை உடைகிறது. அங்குக் குறுகிய, வளைந்த பலகை வேண்டும். பின்புறத்தில் முட்டுக்காட்டின் உப்பங்கழி அமைதியாகக் கிடக்கிறது; அங்கு நீண்ட, நேர்ச்செல்லும் பலகையே சிறந்தது. ஒரே ஊரில், சிறு தொலைவில், இரு நீர், இரு பலகை.

மும்பையில் நிலைமை மேலும் சிக்கலானது. இங்குக் கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வடிகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே 4 மீட்டருக்கும் மேற்பட்ட வேறுபாடு உண்டாகிறது. இத்துணை நீரும் குறுகிய கழிமுகங்கள் வழியே புகுந்து வெளியேறுவதால் அங்கு நீரோட்டம் வலிமை பெறுகிறது. வற்றம் வந்தால் சேற்றுப்பரப்பு வெளிப்பட்டு, கரையேற வழியின்றிப் போகலாம். குளிர்காலக் காலைகளில் கடல் கண்ணாடிபோல் தோன்றும். ஆனால் அப்போது நிலத்திலிருந்து கடல்நோக்கிக் காற்று வீசக்கூடும். கரையருகே அமைதியாக இருப்பதைக் கண்டு இறங்கும் புதியவர், திரும்பும்போதுதான் அக்காற்றின் வலிமையை உணர்வார். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் திறந்த கடலில் பலகை இறக்குவது எவ்வகையிலும் தகாது.

சயானுக்கு மிக அருகிலுள்ள நீர்நிலைகளை இவ்வாறு வரிசைப்படுத்தலாம். விகார், பொவாய் ஏரிகளின் மிகைநீரால் தோன்றி மாகிமில் கடல் சேரும் மித்தி ஆறு, கழிவுநீராலும் ஆலைக்கழிவாலும் மாசடைந்துள்ளது. விழுந்து எழுவதே இயல்பான இவ்விளையாட்டிற்கு அது ஏற்றதன்று. விகார் ஏரி குடிநீர்த் தேக்கம். தேசியப் பூங்காவிற்குள் உள்ளது. பொவாய் ஏரியில் முதலைகள் வாழ்கின்றன. தாணே கடற்கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. அதனுள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆக, சயான் இளைஞர் வீட்டருகே பலகை இறக்க இயலாது. அனுமதி பெற்ற பயிற்சி மையங்களையோ, படகு விட அனுமதியுள்ள சஹ்யாத்ரி அடிவார நீர்த்தேக்கங்களையோ நாடிச் செல்ல வேண்டும். இந்தப் பயணமே பலகையின் கட்டமைப்பையும் முடிவு செய்கிறது.

கடினப் பலகையும் காற்றடைப் பலகையும்

நுரையை நடுவில் வைத்து மேலே கண்ணாடியிழை போர்த்தியது கடினப் பலகை. அது நீரில் வழுக்கிச் செல்லும் திறன் மிக்கது. அலையில் சொன்னபடி கேட்கும். ஆனால் மூன்று மீட்டருக்கு மேற்பட்ட பொருளை மின்ரயிலில் ஏற்ற இயலாது. ஓரறை வீட்டில் வைக்கவும் இடமிராது. கரையிலேயே கொட்டகை வைத்திருக்கும் மையங்களுக்கு அது பொருந்தும்.

காற்றடைப் பலகையில் மேற்படலமும் அடிப்படலமும் ஆயிரக்கணக்கான இழைகளால் இணைக்கப்பட்டிருக்கும். காற்றடைத்ததும் அவ்விழைகள் விறைத்து, பலகை உப்பாமல் தட்டையாக நிற்கும். சுருட்டி முதுகுப் பையில் எடுத்துச் செல்லலாம். பாறையிலோ படித்துறையிலோ மோதினாலும் எளிதில் உடையாது. நகரவாசிக்கும் புதியவருக்கும் இதுவே பெரும்பாலும் ஏற்றது. ஆயினும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தடிமனும் அழுத்தமும். 15 சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகை, 12 சென்டிமீட்டர் பலகையைவிடக் கணிசமாக விறைப்பானது. பொதுவாகச் சதுர அங்குலத்திற்கு 12 முதல் 15 பவுண்டு வரை அழுத்தம் தேவை. கை சோர்ந்து பாதியில் நிறுத்தினால் ஆளின் எடையில் பலகை நடுவே தொய்ந்துவிடும், நிலைப்பும் கெடும். அழுத்தமானியில்லாத பம்பு இதற்குப் பயன்படாது.

இரண்டாவது, வெயில். காலையில் 25 டிகிரியில் 15 பவுண்டு அழுத்தம் ஏற்றிய பலகையைக் கரையில் வெயிலில் போட்டு, உள்ளிருக்கும் காற்று 60 டிகிரியை அடைந்தால், அழுத்தம் ஏறத்தாழ 18.5 பவுண்டாக உயரும். ஒட்டிய ஓரங்கள் பிரிய இதுவே காரணமாகலாம். நிழலில் வைத்தல் அல்லது சிறிது காற்றை இறக்கிவிடுதல் எளிய பரிகாரம்.

துடுப்பு, அடிச்செதில், பிணைப்புக் கயிறு

பலகைக்கு அளிக்கும் கவனம் துணைப்பொருள்களுக்கும் வேண்டும். துடுப்பின் நீளம், பயன்படுத்துபவரின் உயரத்தைவிட 15 முதல் 25 சென்டிமீட்டர் கூடுதலாக இருப்பது வழக்கம். பலர் பயன்படுத்தும் மையங்களில் நீளம் மாற்றக்கூடிய துடுப்பே சிக்கனமானது. துடுப்பின் இலை, பிடியிலிருந்து சற்றுச் சாய்ந்திருக்கும். அச்சாய்வு முன்னோக்கி அமையுமாறு பிடித்தல் வேண்டும். புதியவர் பெரும்பாலும் இதனை மாற்றிப் பிடிக்கின்றனர்.

பலகையின் அடியிலுள்ள செதில் அதனை நேராகச் செலுத்துகிறது. ஆழமான நீரில் நீண்ட செதிலும், சேறும் கல்லும் நிறைந்த ஆழமற்ற நீரில் குட்டையான, வளையும் செதிலும் ஏற்றவை. கழற்றி மாற்றத்தக்க செதில் கொண்ட பலகை இரு நீருக்கும் உதவும்.

பிணைப்புக் கயிறு ஆளையும் பலகையையும் இணைப்பது. விழுந்தவருக்குப் பலகையே மிகப்பெரிய மிதவை. அது காற்றில் அடித்துச் செல்லாமல் கயிறு காக்கிறது. ஆனால் இதிலும் நீருக்கேற்ற வேறுபாடு உண்டு. அலையுள்ள கடலில் நேரான கயிறும், ஓட்டமில்லாத அமைதியான நீரில் சுருள் கயிறும் கணுக்காலிலோ கெண்டைக்காலிலோ கட்டப்படுகின்றன. ஓடும் ஆற்றிலும் நீரோட்டமுள்ள கழிமுகத்திலும் காலில் கட்டிய கயிறு ஆபத்தாகிவிடும். கயிறு ஒரு தூணிலோ கிளையிலோ சிக்கினால், நீரின் வேகம் ஆளை அமிழ்த்திவிடும்; குனிந்து காலை எட்ட இயலாது. அங்கு இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் விடுவிக்கக்கூடிய கயிறே தேவை.

இந்த வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதை வேல்ஸ் நாட்டு நிகழ்ச்சி காட்டுகிறது. 2021 அக்டோபர் 30 அன்று ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில், மழைநீர் பெருகியோடிய கிளெதௌ ஆற்றில் பலகைப் பயணம் சென்ற குழு ஒன்று தடுப்பணை மீது இழுத்துச் செல்லப்பட்டது, நால்வர் உயிரிழந்தனர். ஆற்றின் நிலையை அறிந்து திட்டமிடாததும், பங்கேற்றோர் அணிந்திருந்த கணுக்கால் கயிறு அந்த நீருக்குப் பொருந்தாததும் பின்னர் நடைபெற்ற விசாரணையில் வெளிப்பட்டன. பயணத்தை நடத்தியவருக்கு 2025 ஏப்ரலில் 10 ஆண்டு 6 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வசதி மிக்க நாடுகளிலும் நல்ல பலகை மட்டும் உயிரைக் காத்துவிடுவதில்லை.

உயிர்காப்பு மேலாடை, நீந்தத் தெரிந்தவருக்கும் கட்டாயமானது. பலகையோடு சேர்த்தே அதன் செலவையும் கணக்கிடுதல் வேண்டும்.

நிறுவனங்கள் வாங்கும்போது

கல்லூரிகள், சுற்றுலா வளர்ச்சி அமைப்புகள், கடலோர இளைஞர் பயிற்சித் திட்டங்கள் ஆகியவை பலகைகளை மொத்தமாக வாங்கும் வாய்ப்பு வருங்காலத்தில் பெருகும். ஒரே அளவு, குறைந்த விலைப்புள்ளி என்னும் இரண்டை மட்டும் கொண்டு கொள்முதல் செய்தால், பலகைகள் கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும். அல்லது பொருந்தாத நீரில் இறக்கப்பட்டு விபத்துக்கு வழிகோலும். ஒப்பந்தப்புள்ளி கோருமுன் பின்வருவனவற்றை எழுத்தில் வகுத்துக்கொள்வது நன்று.

முதலில், எந்த நீர்நிலை, எந்த மாதங்களில் பயன்படும் என்பதைக் குறிக்க வேண்டும். அடுத்து, பயிற்சி பெறுவோரின் எடை வரம்பைக் கணக்கிட்டு, குறைந்தது இரண்டு அளவுகளிலாவது பலகை கேட்க வேண்டும்; 40 கிலோ மாணவிக்கும் 90 கிலோ இளைஞருக்கும் ஒரே பலகை பொருந்தாது. கன அளவு, அகலம், தடிமன், அழுத்தம் ஆகியவற்றை எண்ணால் குறிப்பிட வேண்டும். மேலாடை, தகுந்த வகைக் கயிறு, அழுத்தமானியுடன் கூடிய பம்பு, ஒட்டுப்போடும் பொருள், உதிரிச் செதில் ஆகியவை தனிச்செலவாக ஒதுக்கப்படாமல் பலகையோடு சேர்ந்தே வர வேண்டும். இறுதியாக, பயிற்றுநரின் தகுதி உறுதிசெய்யப்படாமல் பலகையை நீரில் இறக்கலாகாது. கோவாவில் 1990இல் தொடங்கப்பட்ட தேசிய நீர் விளையாட்டுக் கழகம் உயிர்காப்புப் பயிற்சி அளித்து வருகிறது. இத்தகைய பயிற்சியோடு மீனவ இளைஞரின் கடலறிவும் இணையுமாயின், கரையோரத்தில் நிலையான வேலைவாய்ப்பும் உருவாகும். காற்றின் போக்கையும் நீரோட்டத்தின் குணத்தையும் அவர்கள் ஏட்டில் படித்தவர்களல்லர், அன்றாடம் அறிந்தவர்கள்.

நின்று துடுப்பிடும் பலகை, மிகக் குறைந்த கருவியோடு மிகப் பலரை நீரோடு பழகச் செய்யக்கூடியது. சயானின் இளைஞர் ஒருவர் வாரவிடுமுறையில் முதுகுப் பையோடு புறப்பட்டு, அமைதியான நீரில் ஒரு மணி நேரம் துடுப்பிட்டுத் திரும்புவது எட்டாத கனவன்று. அதற்கு வேண்டியது விலையுயர்ந்த பலகையன்று, பொருந்திய பலகை. கட்டுமரம் கட்டியோர் மரத்தை வெட்டுமுன் கடலைப் பார்த்தனர். பலகை வாங்குவோரும் அவ்வாறே முதலில் நீரைப் பார்ப்பாராக.